பெட்டியின் மேல் நிற்கும் மல்லர்கள் பெட்டிக்குள் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மல்யுத்த வீரர் பொம்மைகளை மோதவிட்டுக் குழந்தைகள் விளையாடும் 'ரிங்' என்ற மேடைப் பொம்மை, இப்போது ஏறக்குறைய எல்லாப் பொம்மைக் கடைகளிலும் விற்கிறது. அந்தப் பொம்மையை அடைத்து விற்கும் அட்டைப் பெட்டியைப் பற்றித் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சில கருத்துகளைத் தெரிவிக்க விரும்புகிறேன். நான் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் 31 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்துநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தீப்பெட்டி லேபிள், பட்டாசுப் பெட்டி, ஊதுபத்தி உறை, மிட்டாய்ப் பெட்டி என்று அட்டையில் அச்சேறும் ஒவ்வோர் எழுத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதே என் பிழைப்பாக இருந்தது. ஆகவே ஒரு பெட்டி வாங்குபவரிடம் எதை உரக்கச் சொல்கிறது, எதை முணுமுணுக்கிறது என்பதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

சென்ற மாதம் என் மகள் வயிற்றுப் பேரனுக்கு ஏழு வயது நிறைந்தது. தொலைக்காட்சியில் மல்யுத்தம் என்றால் அவனுக்கு உயிர். முகமூடி அணிந்த ரே மிஸ்டீரியோ தன்னைவிட இரு மடங்கு எடையுள்ளவரைக் கீழே சாய்க்கும்போது கட்டிலின் மேல் ஏறி நின்று கை தட்டுவான். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது தயங்காமல் "ரிங்கு" என்றான். என் துணைவியார், பல மாதங்களாகச் சேர்த்துவைத்திருந்த தம் சிறுவாட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு மதுரையில் உள்ள பெரிய பொம்மைக் கடை ஒன்றுக்குச் சென்று, 1,799 ரூபாய் கொடுத்து ஒரு ரிங் பெட்டியை வாங்கி வந்தார். அவர் எட்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர். கையில் கிடைக்கும் துண்டுக் காகிதத்தைக்கூட வாசிக்காமல் விடமாட்டார். அந்தப் பெட்டியில் அவர் வாசிப்பதற்கு ஒரு தமிழ் எழுத்தும் இல்லாததால், படத்தைப் பார்த்து வாங்கினார். படத்தில் ஒரு வீரர் மூலைக் கம்பத்தின் உச்சியிலிருந்து கைகளை விரித்துப் பாய்ந்துகொண்டிருந்தார். இன்னொருவர் மல்லாந்து கிடந்தார். இருவருக்கும் நடுவே தங்க நிறச் சாம்பியன் பெல்ட் ஒன்று மின்னியது.

கேக் வெட்டி முடிந்ததும் பேரன் பெட்டியைப் பிரித்தான். நான்கு கம்பங்கள் வந்தன. மேடைத் தட்டு வந்தது. கயிறாகக் கட்டுவதற்கான எலாஸ்டிக் இழைகள் ஒரு பாலிதீன் உறையில் வந்தன. ஒட்டுப்படத் தாள் ஒன்று வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பெட்டியைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினான். உள்ளே இருந்த மடிப்பு அட்டையை உருவிப் பார்த்தான். பிறகு என் துணைவியாரிடம் பெட்டியை நீட்டி, "அம்மாச்சி, ஆளுங்க அடியில ஒட்டிக்கிட்டு இருப்பாங்க, நீங்க நல்லாத் தட்டுங்க" என்றான். அவரும் அவன் சொன்னபடியே தட்டினார். இருவரும் மாறி மாறி அந்த வெற்றுப் பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்ற எனக்கு ஏற்பட்ட வருத்தமே இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

மறுநாள் கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்த இளைஞர் மரியாதையாகவே பேசினார். "இது ரிங்கு மட்டுந்தான் ஐயா, ஆள் பொம்மை தனியா வாங்கணும், பெட்டியிலேயே போட்டிருக்கும் பாருங்க. வாங்குறவங்க பாதிப் பேரு இதத்தான் கேக்குறாங்க" என்றார். அவர் மேல் எனக்குக் குறையில்லை. வாங்குபவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள் என்றால், பெட்டி தன் வேலையைச் செய்யவில்லை என்பது பொருள்.

பெட்டியில் போட்டிருக்கிறது என்று அவர் சொன்னதும் உண்மைதான். பழைய பழக்கத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் எஃகு அளவுகோலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முன்பக்கத்தில் பாயும் வீரரின் படம் 17 சென்டிமீட்டர் உயரம். பின்பக்கத்தின் கீழ் ஓரத்தில், பட்டைக் குறியீட்டுக்கும் மடிப்புக்கும் இடையில், மஞ்சள் பின்னணியில் வெளிர் சாம்பல் நிறத்தில், வீரர் பொம்மைகள் சேர்க்கப்படவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. ஆறு பாயின்டுக்கும் குறைவான எழுத்து. உயரம் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டியது. மஞ்சள் மேல் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தைப் போட்டால் படிக்க வராது என்பது அச்சகத்தில் முதல் மாதம் சேரும் பையனுக்கும் தெரியும். அப்படி ஒரு மெய்ப்பு என் மேசைக்கு வந்திருந்தால், எழுத்தைக் கறுப்பாக்கி இரண்டு மடங்கு பெரிதாக்கும்படி ஓரத்தில் எழுதி அனுப்பியிருப்பேன். வாடிக்கையாளர் அதை ஏற்பதும் மறுப்பதும் வேறு. நிறத்தையும் அளவையும் யாரோ ஒருவர் முடிவு செய்துதான் அச்சுக்கு அனுப்புகிறார்.

எங்கள் ஊர்ப் பட்டாசு கிஃப்ட் பாக்ஸை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 21 வகை, 25 வகை என்று போட்டு, உள்ளே எத்தனை சங்குசக்கரம், எத்தனை பூச்சட்டி, எத்தனை பெட்டி கம்பி மத்தாப்பு என்பதைப் பெட்டியின் மேலேயே பட்டியலாக அச்சிடுவது நெடுநாள் வழக்கம். தீபாவளி நேரத்தில் ஒரு நாளைக்கு எட்டுப் பட்டியல்கள் வரை நான் மெய்ப்புப் பார்த்ததுண்டு. எண்ணிக்கையில் ஒன்று மாறினாலும் முதலாளி அச்சை நிறுத்திவிடுவார். தீபாவளிக் காலையில் ஒரு குழந்தை பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்க்கும், அது ஏமாறக் கூடாது என்பார். ஒரே காலைப் பொழுதில் எரிந்து தீர்ந்துவிடும் பொருளுக்கே இவ்வளவு கவனம் இருந்தது. ஆண்டுக்கணக்கில் ஒரு குழந்தையின் கட்டிலுக்கு அடியில் இருக்கப்போகும் பொம்மைக்கு அது ஏன் இல்லை என்று கேட்கிறேன்.

குறை இதோடு நிற்கவில்லை. வீரர் பொம்மை பெட்டிக்குள் இல்லை என்று தெரிந்த பிறகு, பேரன் தன்னிடம் ஏற்கெனவே இருந்த பொம்மைகளைக் கொண்டுவந்தான். அவை ஆறேழு அங்குல உயரமுள்ளவை. புதிய ரிங்கோ அதைவிடச் சிறிய பொம்மைகளுக்காகச் செய்யப்பட்டது. மேல் கயிறு அவன் பொம்மைகளின் முழங்காலுக்கு வந்தது. இரண்டு பேரை நிறுத்தினால் மூன்றாமவருக்கு இடமில்லை. எந்த உயரப் பொம்மைக்கு இந்த ரிங் பொருந்தும் என்பது பெட்டியில் எந்த மொழியிலும் எழுதப்படவில்லை. யானை வாங்கிய பிறகு அங்குசத்துக்குத் தனி விலை என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எந்த அங்குசம் பொருந்தும் என்பதையாவது சொல்ல வேண்டாமா?

இந்த அளவுப் பொருத்தம் அற்பமான செய்தி அன்று என்பதை இந்தப் பொம்மையின் வரலாற்றைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். அமெரிக்காவில் எல்.ஜே.என். நிறுவனம் 1984-இல் வெளியிடத் தொடங்கிய மல்யுத்த வீரர்கள் மூட்டே இல்லாத கட்டி ரப்பர் உருவங்கள்; ஏறத்தாழ எட்டு அங்குல உயரம். அவற்றுக்கேற்ற ரிங்கும் பெரியதாக இருந்தது. 1990-இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் கொண்டுவந்த வீரர்கள் ஸ்பிரிங் வைத்துக் கையை வீசும் கெட்டிப் பிளாஸ்டிக் பொம்மைகள். உயரமோ நாலரை அங்குலம்தான். அதற்கு முந்தைய ரிங்கில் அவர்களை நிறுத்தினால் கயிறுகளுக்கு அடியில் காணாமல் போவார்கள். பின்னர் ஜாக்ஸ் பசிபிக் நிறுவனமும், 2010 முதல் மேட்டல் நிறுவனமும் ஏறக்குறைய ஆறேழு அங்குல அளவுக்கு வந்தன. முழங்கை, முழங்கால், இடுப்பு என்று மூட்டுகளும் கூடின. இப்படித் தலைமுறைக்குத் தலைமுறை அளவு மாறிவந்த ஒரு பொருளில், திருவிழாக் கடையில் வாங்கிய பொம்மை, அண்ணன் விட்டுச்சென்ற பொம்மை, சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த பொம்மை என்று நம் வீடுகளில் எல்லா அளவும் கலந்தே கிடக்கின்றன. பெட்டியில் ஒரு கோடு போட்டு, இத்தனை சென்டிமீட்டர் உயரம் வரையுள்ள பொம்மைகள் இதில் நிற்கும் என்று அச்சிட ஆகும் கூடுதல் செலவு ஒரு காசும் இல்லை. அச்சகத்தில் இருந்தவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன்: அந்தப் பக்கத்துக்கு எப்படியும் பிளேட் என்ற அச்சுத் தகடு போட்டாக வேண்டும், மையும் ஓடியாக வேண்டும்.

சட்டம் இந்த விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி, பெட்டியில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், பொருளின் பெயரும் எண்ணிக்கையும், அதிகபட்ச விலையும், நுகர்வோர் குறை சொல்லத் தொடர்புகொள்ள வேண்டிய விவரமும் இருக்க வேண்டும். ஒரு பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கள் இருந்தால் ஒவ்வொன்றின் பெயரையும் எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும். எழுத்தின் உயரத்துக்குக்கூட விதி உண்டு. எங்கள் பெட்டியில் 'ரிங் செட், 1 எண்' என்று அச்சிட்டிருந்தார்கள். விதியின் எழுத்துக்கு அது போதும் என்று யாரேனும் வாதிடலாம். ஆனால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் லேபிளையும் உறையையும் விளம்பரம் என்ற சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் தவறான விளம்பரமே என்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் மாதம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இன்னும் தெளிவானவை. 'இது சேராது' என்பது போன்ற பொறுப்புத் துறப்பு வாசகம், தான் விளக்கும் கூற்றின் எழுத்துருவிலும் அதே மொழியிலும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்றும், குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரம் அவர்களிடம் பொய்யான எதிர்பார்ப்பை உண்டாக்கும் வகையில் பொருளை மிகைப்படுத்தக் கூடாது என்றும் அவை கூறுகின்றன. பதினேழு சென்டிமீட்டர் வீரரையும் ஒரு மில்லிமீட்டர் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எவரும் இந்த நெறிகள் எங்கே மீறப்படுகின்றன என்பதை அறிவார்கள்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். விதிப்படி இந்த விவரங்கள் தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ அல்லது ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். அவற்றோடு வேறு மொழியைச் சேர்த்துக்கொள்ளத் தடை ஏதும் இல்லை. தடை இல்லாத இடத்தில் மனம் மட்டுமே வேண்டும். தமிழ்நாட்டில் விற்கும் ஒரு பொம்மைப் பெட்டியை வாங்குபவர் பெரும்பாலும் குழந்தையின் அம்மாவோ பாட்டியோதான். அவருக்குத் தெரிந்த மொழியில், "இந்தப் பெட்டியில் ரிங் மட்டுமே உள்ளது, வீரர் பொம்மைகள் இல்லை" என்று ஒரு வரி இருந்திருந்தால், என் துணைவியார் கடையிலேயே அதைப் படித்திருப்பார். கையில் இருந்த பணத்துக்குச் சிறிய ரிங்கும் இரண்டு பொம்மைகளுமாக வாங்கியிருப்பார், அல்லது இன்னும் இரண்டு மாதம் சேர்த்துவிட்டு வந்திருப்பார். எதைச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை அவருடையது. அந்த ஒரு வரி இல்லாததால் அது அவர் கையைவிட்டுப் போயிற்று. வெளிநாட்டுப் பொம்மைகளுக்கான சுங்க வரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டு, உள்நாட்டில் பொம்மை செய்பவர்களுக்கு நல்ல ஆதரவு கிடைத்திருக்கிறது. அதை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். அந்த ஆதரவைப் பெற்றவர்கள், உள்ளூர் மொழியில் நான்கு வரிகள் அச்சிட்டு அதற்குத் தகுதியானவர்கள் என்று காட்டட்டும்.

அந்தப் பெட்டியில் நான் தேடிய இன்னொன்று ஐ.எஸ்.ஐ. முத்திரை. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளில் அது கட்டாயம். முத்திரையின் மேலே இந்தியத் தர நிர்ணய எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டால் உரிமம் யாருடையது, நடப்பில் உள்ளதா என்று காட்டிவிடும். எங்கள் பெட்டியில் முத்திரை இருந்தது, எண்ணும் சரியாக இருந்தது. மகிழ்ச்சி. பேரனின் பழைய பொம்மைகள் வந்த திருவிழாக் கடைப் பெட்டிகளில் அது இல்லை. சில ரிங்குகளில் பேட்டரி வைத்து மணியோசையும் கூட்டத்தின் ஆரவாரமும் எழும்படி செய்கிறார்கள். அப்படிப்பட்டது மின்பொம்மை, அதற்குத் தனித் தரம் உண்டு. பேட்டரி அறையின் மூடி திருகாணி போட்டு இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பெற்றோர் ஒருமுறை விரலால் நெருடிப் பார்ப்பது நல்லது. சிறு பொத்தான் பேட்டரியை விழுங்கிவிட்ட குழந்தைக்கு ஏற்படும் உள்காயம் மிகக் கொடியது.

இந்தப் பொம்மையே வேண்டாம், அது குழந்தைகளுக்கு அடிதடியைக் கற்றுக்கொடுக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுடைய அக்கறையை மதிக்கிறேன், ஆனால் அந்தக் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. பிறந்தநாளுக்கு மறுவாரம் பொருத்தமான அளவில் இரண்டு பொம்மைகள் வாங்கிக் கொடுத்த பிறகு, பேரன் விளையாடுவதைப் பல மாலைகள் அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நடுவராக ஒரு சோப்பு டப்பாவை நிறுத்துவான். கயிற்றுக்கு வெளியே போனவரை அடிக்கக் கூடாது என்று அவனே விதி செய்வான். ஒரு பொம்மையின் முழங்காலை மற்றதன் மார்பில் ஊன்றி, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணி, மூன்று சொல்வதற்குள் கீழே கிடப்பவனைத் தோள் தூக்க வைத்து ஆட்டத்தை நீட்டுவான். சோழ இளவரசன் போர்வைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதைப் பாடிய சங்கப் புலவர் சாத்தந்தையாரும், ஒரு கால் மார்பில் ஊன்ற, மறு கால் பின்புறம் வளைக்க அவன் பொருத கோலத்தைத்தான் நம் கண்முன் நிறுத்துகிறார். மற்போரை நின்று பார்க்கும் ஆசை நம்மிடம் நேற்று வந்ததன்று. கட்டிலிலிருந்து தம்பி மேல் குதிப்பது ஆபத்து. வீட்டில் இதைச் செய்து பார்க்காதீர்கள் என்று மல்யுத்த நிகழ்ச்சிகளிலேயே எச்சரிக்கிறார்கள். அந்த ஆசைக்கு ஒன்றரை அடி மேடையில் இடம் கொடுத்து, குதிப்பதைப் பொம்மையின் வேலையாக மாற்றிவிடுவதால் இந்த ரிங்கை நான் நல்ல பொம்மை என்றே கருதுகிறேன்.

செய்நேர்த்தியும் எனக்குப் பிடித்திருக்கிறது. தொலைக்காட்சியில் வரும் மல்யுத்தத்தை நடத்தும் டபிள்யூ.டபிள்யூ.இ. நிறுவனத்தின் உண்மையான மேடை இருபது அடிச் சதுரம். இரும்புச் சட்டங்களின் மேல் பலகை, அதன் மேல் மெத்தை, அதன் மேல் இழுத்துக் கட்டிய கேன்வாஸ். விழும்போது எழும் 'தொம்' என்ற ஓசை பார்ப்பவர் நெஞ்சில் போய் விழும். இந்தச் சிறிய ரிங்கிலும் தட்டுக்கு அடியில் ஒரு ஸ்பிரிங் வைத்து, பொம்மை விழுந்தால் தட்டு சற்றே அமிழ்ந்து மீளும்படி செய்திருக்கிறார்கள். பேரன் முதல்முறை அந்த ஓசையைக் கேட்டபோது பொம்மையை விட்டுவிட்டு, தட்டின் மேல் காதை வைத்துத் தன் விரலால் தட்டித் தட்டிக் கேட்டான். இவ்வளவு யோசித்துச் செய்யத் தெரிந்தவர்களுக்குப் பெட்டியின் மேல் ஒரு வரியைத் தெளிவாக எழுதத் தெரியாமல் போகாது.

என் மகள் சிறுமியாக இருந்தபோது, 1990-களில், இந்த வீரர்களின் படம் போட்ட சீட்டுகளை வைத்துத் தெருப் பிள்ளைகளோடு விளையாடுவாள். ஒவ்வொரு சீட்டிலும் வீரரின் தரவரிசை, உயரம், எடை, மார்பளவு, புஜத்தின் சுற்றளவு எல்லாம் எண்களாக அச்சிட்டிருக்கும். ஐந்து வயதுக் குழந்தைக்கும் படிக்க வரும் எழுத்து. சில ரூபாய்ச் சீட்டுக்கட்டு அன்று தன்னிடம் உள்ளதையெல்லாம் முகத்திலேயே சொல்லிவிட்டது.

தமிழ்நாட்டில் பொட்டலப் பொருள்களைச் சோதிக்கும் பொறுப்பு தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவு ஆய்வாளர்களிடம் உள்ளது. பண்டிகைக் காலத்தில் அவர்கள் எடையையும் விலையையும் சோதிப்பதோடு, பொம்மைக் கடைகளின் அலமாரிகளையும் ஒருமுறை பார்வையிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். என் அனுபவம் போன்றது நேர்ந்த பெற்றோர் அதை மனத்துக்குள் விழுங்கிக்கொள்ளாமல், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யட்டும். நானும் பதிவு செய்திருக்கிறேன். பெட்டியின் இரு பக்கங்களையும் அளவுகோலோடு படமெடுத்து, அதைத் தயாரித்த நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலிலும் அனுப்பியிருக்கிறேன்.

ரிங் செய்யும் எந்த நிறுவனமாவது அடுத்த பதிப்பில், உள்ளே இருப்பது எது, இல்லாதது எது, எத்தனை சென்டிமீட்டர் பொம்மைக்கு இது பொருந்தும் என்பதைத் தமிழில் முன்பக்கத்தில் அச்சிட முன்வந்தால், அந்த மெய்ப்பைக் கூலி ஏதும் பெறாமல் நான் திருத்திக் கொடுக்கிறேன். என் முகவரியைத் தங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்,
சிவகாசி